ஓடைக்கரையில் ஒரு முடிவு

களக்காடு முண்டந்துறைக் காட்டுக்கு நடைபயணம் வருகிறவர்களை வனத்துறை அனுமதியோடு கூட்டிச் செல்வது என் தொழில். வருகிறவர்கள் முதலில் விசாரிப்பது புலியை. 1988-இல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமான காடு இது, விசாரிக்கத்தான் செய்வார்கள். ஆனால் வழி நெடுக என் கண் இருப்பது தண்ணீரில்.

இந்த மலையில் ஓடையைத் தாண்டாமல் பாதை போகாது. நாம் நிற்கிற இடத்தில் வெயில் அடிக்கும்; மேலே அகத்தியர் மலைப் பக்கம் மழை கொட்டும். அதனால் வானத்தை மட்டும் பார்த்து ஓடையில் இறங்கக் கூடாது. பழுத்த சருகு எப்போதும் மிதந்து வரும். பச்சை இலையும் முறிந்த சுள்ளியும் சேர்ந்து வந்தால் மேலே வெள்ளம் கிளம்பியிருக்கலாம். கரையோரப் பாறையில் நீர்மட்டத்தைக் குறி வைத்துப் பார்ப்பேன். மட்டம் ஏறினாலும், தெளிந்த தண்ணீர் கலங்கினாலும், சலசலப்பு இரைச்சலானாலும் எல்லோரையும் மேட்டில் ஏற்றி உட்கார வைத்துவிடுவேன்.

"முழங்கால் தண்ணிதானே அண்ணாச்சி, கையைப் பிடிச்சுட்டுத் தாண்டிரலாம்" என்று யாராவது சொல்வார்கள்.

"ஆழம் கிடக்கட்டும் தம்பி, இழுப்பைப் பாருங்க" என்பேன். இழுப்பு இருந்தால் முழங்கால் தண்ணீரே ஆளைச் சாய்த்துவிடும். அடியில் பாறையும் வழுக்கும்.

காத்திருக்கிற நேரத்தில் சருகை ஒரு பிடி விலக்கிக் காட்டுவேன். மேலே காய்ந்திருக்கும், அடியில் மண் ஈரமாக இருக்கும். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் இந்த மலைக்கு உண்டு. பெய்ததைச் சருகும் வேர் பின்னிய மண்ணும் குடித்து வைத்து, மழையில்லாத மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய விடுகின்றன. அந்தக் கசிவுகள் கூடித்தான் தாமிரபரணி. பாபநாசத்தில் சமவெளிக்கு இறங்கி, திருநெல்வேலியைக் கடந்து, புன்னைக்காயல் அருகே கடலில் சேர்கிறது. வெடிப்பலா மரத்தில் சோலைமந்தி பசியாறுவதும், கீழே நெல் விளைவதும் இந்த ஈரத்தால்தான். ஓடையில் சோப்புப் போடாதீர்கள், பாதையை விட்டு விலகிச் சருகை மிதித்துக் கலைக்காதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதற்காகவே.

தண்ணீர் வடியாவிட்டால் திரும்பிவிடுவோம். உச்சிவரை போக முடியவில்லையே என்று சிலருக்கு முகம் வாடும். நம்மை மறித்த இந்தத் தண்ணீரைத்தான் கீழே கார், பிசானம் என்கிற நெல் பருவங்களுக்கு விவசாயி எதிர்பார்த்திருக்கிறார் என்று அவர்களிடம் சொல்வேன். அது கிளம்புகிற இடத்தில் நின்று பார்த்தவர்கள் வெறுங்கையோடு திரும்பவில்லை.