அலுமாரிக்கும் நூல்நிலையத்துக்கும் இடையே

உயர்தர வகுப்பில் தமிழ் உரைநடையின் வரலாற்றைக் கற்பிக்கும்போது, தம்பிரான் வணக்கம், கொல்லம், 1578 என்று கரும்பலகையில் எழுதுகின்றேன். தமிழெழுத்தில் அச்சாகி இன்று எஞ்சியிருக்கும் நூல்களுள் அதுவே மிகப் பழையது. 16 பக்கங்களே கொண்டது. மாணவர் அதனைப் பார்க்க விழைவர். அறியப்பட்ட ஒரே பிரதி அமெரிக்காவிலே ஹாவாட் பல்கலைக்கழக நூல்நிலையத்தில் இருக்கின்றது என்று மட்டுமே என்னாற் கூறமுடிகின்றது.

அரிய நூல் எவர் கையிற் சேர்ந்தது என்பதிலும், சேர்ந்தபின் எத்தனை பேருக்குப் பயன்பட்டது என்பதே பெரிய வினா. 1679இல் அம்பலக்காட்டில் அச்சான புரோவென்சா பாதிரியாரின் தமிழ் - போர்த்துக்கேய அகராதி வத்திக்கானில் இருந்தது. அப்பிரதியைக் கொண்டே 1966இல் கோலாலம்பூரில் அதனை மீள்பதிப்பாக வெளியிட்டார், நம் நாட்டவரான தனிநாயக அடிகள். மூலநூல் இருந்த இடத்திலேயே இருந்தது. அறிவு நம்மிடம் மீண்டது.

செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிவந்த ரோஜா முத்தையா, பழைய புத்தகக் கடைகளிலே தேடித் தேடிப் பெருஞ்சேகரம் ஒன்றை உருவாக்கினார். 1992இல் அவர் மறைந்தார். 1994இல் அச்சேகரத்தை விலைக்கு வாங்கிய சிக்காகோ பல்கலைக்கழகம் அதனைக் கப்பலேற்றவில்லை. சென்னையிலேயே நூலகமாக்கி, நுண்படமெடுக்க வழிசெய்தது. தனியொருவர் உழைப்பு பொதுச் சொத்தாயிற்று.

இவ்வளவும் கூறியபின், என் உறவினரான முதியவர் ஒருவர் எழுப்பிய வினாவுக்கு விடை கூறியாக வேண்டும். அவர் வீட்டு அலுமாரியில் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சான நூல்கள் சில உள. "கொடுத்தவர்களுடையவை எல்லாம் எரிந்தனவே தம்பி, இனி யாரை நம்பிக் கொடுப்பது?" என்றார் அவர். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூல்நிலையம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அறிஞர் பலர் மனமுவந்து அளித்த சேகரங்களும் அவற்றுள் அடங்கும். இந்த அச்சத்தைப் பேதைமை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆயினும், நெருப்புக்குத் தப்பிய நூலைக் கறையான் விட்டுவைக்குமா? ஒரு நூல் ஓரிடத்தில் மட்டும் இருப்பதே ஆபத்து. அவ்விடம் அலுமாரியாயினும் சரி, மாளிகையாயினும் சரி. ஆகவே, நூலைத் தாருங்கள் என்று அவரை நான் கேட்கவில்லை. பக்கங்களைப் படமெடுக்க இசைவு தாருங்கள் என்றே கேட்டேன். ஈழத்து நூல்களை மின்வடிவிலாக்கி எவரும் படிக்க வைக்கும் பணி 2005 முதல் நூலகம் என்ற பெயரிலே நடந்துவருகின்றது.

முதியவர் அலுமாரியின் திறப்பை எடுத்துத் தந்தார். உங்கள் வீட்டு அலுமாரியில் என்ன இருக்கின்றது?