நீலப் புகை வரும்வரை

கரி மூட்டத்துக்குத் தீ வைத்த ராத்திரி தூங்கக் கூடாது. எனக்கு இதைப் பழக்கியவர் ஐயா. பிறகு பட்டாளத்தில் சென்ட்ரி நிற்கச் சொன்னபோது அது புதிதாகத் தெரியவில்லை.

கோவில்பட்டியிலிருந்து கிழக்கே விளாத்திகுளம், புதூர் என்று போகப் போக, கரிசல் காடு வேலிக்கருவைக் காடாகிவிடும். தாத்தா காலத்தில் எங்கள் புஞ்சையில் பருத்தியும் கம்பும் விளைந்தன. மழை தப்பத் தப்ப உழவு நின்றது. ஆடு தின்று போட்ட புழுக்கையிலேயே முளைக்கிற இந்த மரம் வந்து உட்கார்ந்துகொண்டது. ஐயா அதை வெட்டிக் கரியாக்கித்தான் எங்கள் நாலு பேரையும் வளர்த்தார். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி கோடிக்கணக்கான வருசம் மண்ணுக்குள் கிடந்தது. எங்கள் கரிக்கு மூணு வருச மரமும் ஒரு வாரக் காவலும் போதும்.

கரியை எரிப்பது என்று சொல்வதே தப்பு. எரிந்தால் மிஞ்சுவது சாம்பல். வாடிய விறகை நெருக்கி அடுக்கி, பெரிய தூர்களை நடுவில் வைத்து, தழை போர்த்தி, மேலே சேறு பூசி, அடியில் சின்னச் சின்னக் கண் விட்டுத் தீ வைப்போம். உள்ளே சூடு வேண்டும். காற்று மிகக் கொஞ்சமாகத்தான் போக வேண்டும். இங்கேதான் கரிசல் மண் சோதிக்கும். காய்ந்தால் வெடிக்கிற மண் இது. வெறும் கரிசலைப் பூசினால் பாளம் பாளமாக விரிசல் விட்டு, அதன் வழியே காற்று நுழைந்து, விடிவதற்குள் பாதி மூட்டம் சாம்பலாகிவிடும். அதனால் ஓடை மணலைக் கலந்து பிசைவோம். அப்படியும் விரியும். சேற்றுச் சட்டியோடு ராவெல்லாம் சுற்றி வர வேண்டும். "மண்ணு வாயத் தொறந்தா நாம அடைக்கணும்லே" என்பார் ஐயா.

புகைதான் எங்களுக்குக் கடிகாரம். முதலில் கெட்டியான வெள்ளை. அது மரத்தின் தண்ணீர். பிறகு மஞ்சள் சாயும், கண் எரியும். கடைசியில் மெலிந்து நீலமாகும். அப்போது எல்லாக் கண்ணையும் அடைத்து ஆறவிட வேண்டும். நாலைந்து டன் விறகுக்கு ஒரு டன் கரி கிடைத்தால் நல்ல மூட்டம். தூர்க்கரி தனி, குச்சிக்கரி தனி, தூள் தனி என்று பிரிப்பது அம்மா. நல்ல கரியைத் தட்டினால் கணீரென்று கேட்கும். அவள் கை ரேகைகள் கடைசிவரை வெளுக்கவே இல்லை.

1991இல் ஆள் எடுப்புக்குப் போனேன். மூச்சை இழுத்து நெஞ்சை 5 சென்டிமீட்டர் விரித்துக் காட்ட வேண்டும். அதற்கு முந்தின ஒரு மாதம் ஐயா என்னை மூட்டத்துப் பக்கம் விடவில்லை. என் பங்குப் புகையையும் அவரே குடித்தார்.

1999இல் திராஸில் பீரங்கிப் படையில் இருந்தேன். ஜூலை 4 அன்று டைகர் ஹில் மீட்கப்பட்டது. 26ஆம் தேதி போர் முடிந்தது. ஊரில் அதைத்தான் கேட்பார்கள். எனக்குள் தங்கியது வேறொன்று. 56 ஏ.பி.ஓ. முகவரிக்கு ஐயா யாரையோ பிடித்து எழுதி அனுப்பிய இன்லண்ட் கடிதம். அதில் போரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. "குளிருக்கு அங்கே கரி போடுவார்களா? போட்டால் கதவை அடைத்துக்கொண்டு படுக்காதே."

அந்தக் குளிர்காலத்தில் ஒரு ராத்திரி, பதுங்கு அறையில் கரிச்சட்டியை வைத்து அடைத்துக்கொண்டு இரண்டு பையன்கள் படுத்திருந்தார்கள். தலைவலி என்று ஒருவன் முனகியது வெளியே கேட்டது. கதவை உதைத்துத் திறந்து இருவரையும் பனியில் இழுத்துப் போட்டேன். விறகின் புகை கண்ணில் படும். கரியின் நஞ்சுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது.

ஓய்வு பெற்று வந்து, திரும்பவும் மூட்டம்தான் போடுகிறேன். வேலிக்கருவையை அகற்றச் சொல்லி 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. கண்மாயிலிருந்தும் விளைநிலத்திலிருந்தும் அது போகத்தான் வேண்டும். என் புஞ்சையையும் தின்ற மரம். ஆனால் வெட்டுகிற கைகளுக்கு அடுத்த வேலை என்ன என்பதை அதோடு சேர்த்தே பேச வேண்டும். இங்கே கஞ்சி ஊற்றியதும் அந்த மரம்தான்.

ஐயாவுக்கு இப்போது பார்வை மங்கிவிட்டது. ஆனாலும் தீ வைக்கிற அன்று கட்டிலைக் காட்டுக்குக் கொண்டுவரச் சொல்வார். நடுச்சாமத்தில் குரல் வரும்.

"என்னய்யா நெறம்?"

"மஞ்சள்தான் ஐயா."

"அப்ப இன்னும் ஒரு நா கெடக்கு. நீ செத்த தலையச் சாய்யி, நான் முழிச்சிருக்கேன்."