தூண்டிலுக்குத் தகுந்த ரீல்

மீன் பிடித்தலை விளையாட்டாகக் கொள்வோர் பலர்; அதற்குரிய கருவியைத் தேர்ந்து கொள்வோர் சிலரே. பளபளப்பில் மயங்கி, தம் கைக்கும் தாம் நாடும் நீர்நிலைக்கும் ஒவ்வாத ரீலை வாங்கி மீள்வோரை யாம் கண்டிருக்கின்றோம். ஆதலின் இப்பொருள் பற்றி மாணவ நண்பர்களுக்குச் சில கூற விழைகின்றோம்.

ஸ்பின்னிங் ரீலுக்கு 1905ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றவர், இங்கிலாந்தின் பிராட்போர்டு நகரத்தில் நூற்பாலைத் தொழில் நடத்திய ஆல்பிரட் இல்லிங்வொர்த் என்பார். ஆலையிற் கதிரின் நுனிவழி நூல் கழன்றோடுதல் போல, இதிலும் எறியுங்கால் உருளை அசையாது நிற்க, நரம்பு மட்டும் விளிம்பின் வழியே கழன்று செல்லும். இழுக்குங்கால் வளைகம்பி ஒன்று உருளையைச் சுற்றிவந்து நரம்பை மீளச் சுற்றும்.

இனித் தேர்வுக்கு வருவோம். தக்கையிட்டு, மண்புழு கோத்துக் கெண்டைக்குக் காத்திருப்போனுக்குச் சிறு ரீலே சாலும். பொய்யிரையை இடையறாது எறிந்து இழுப்போனுக்கு எடை குறைந்தது வேண்டும். இன்றேல் மணிக்கட்டு விரைவிற் சோரும். கடற்கரையிற் பாரையை நாடி உலோக இரையை விரைந்து இழுப்போர், கைப்பிடி ஒருமுறை சுற்ற வளைகம்பி 6 முறை சுற்றுவதைக் கொள்க. கனமான இரையை ஆழத்தில் இழுப்போர்க்கு 5க்குக் குறைந்ததே நன்று; விரைவு குறையினும் வலிமை மிகும்.

இவற்றினும் இன்றியமையாதது இழுவைத் தடை. மீன் வெகுண்டோடுங்கால் நரம்பு அறாதவாறு சிறிது சிறிதாக விட்டுக்கொடுப்பது இதுவே. 4 கிலோ தாங்கும் நரம்பிற்கு ஏறத்தாழ 1 கிலோ இழுப்பில் அது நெகிழ வேண்டும். அல்லியும் பாசியும் அடர்ந்த குளத்தில் விராலை ஓடவிடல் ஆகாதாகையால், ஆங்குத் தடித்த நரம்பும் வலிய தடையும் தேவை. தடை சீராக நெகிழாவிடின் நரம்பு அறும்; மீன் வாயில் முள்ளோடும், பின்னே தொங்கும் நரம்போடும் சென்று, கொடிகளிற் சிக்கித் துன்புறும். உண்ணவும் பயன்படாது, ஓர் உயிர் வீணே மாயும். எனவே நல்ல தடையைத் தேர்வது அறத்தின் பாற்பட்டதெனவே கருதுகின்றோம்.

கடைக்காரர் பலர் பேரிங்குகளின் எண்ணிக்கையையே பெரிதும் புகழ்வர். எமது சேமிப்போ சிறிது. யாம் நாடுவதோ கழிமுகத்துக் கொடுவா. ஆதலின் பேரிங் மிக்கதை விடுத்து, உப்புநீர் எளிதிற் புகாத அடைப்பும் சீரான தடையும் உடையதைக் கொண்டோம். ஒவ்வொரு நாளும் நன்னீரால் மெல்லக் கழுவித் துடைத்து வைப்பதால், அது இன்றும் குறைவின்றி உழைக்கின்றது.

பேதுரு தூண்டிலிட்டுப் பிடிக்கும் மீனின் வாயில் வரிக்குரிய பணம் இருக்குமென மத்தேயு எழுதிய சுவிசேஷம் கூறும். நமக்கு அகப்படும் மீன்கள் அத்தகையன அல்லவாகலின், கடையிற் பணத்தை எண்ணிக் கொடுக்குமுன் நம் தேவையை எண்ணிப் பார்த்தல் நலம்.