வாராதவரை வினவுதல்

கட்டணமில்லாக் கல்விக்கு மாணவர் திரளுதல் எளிது. இறுதிவரை நிலைத்தலே அரிது. 2012ஆம் ஆண்டில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கழகம் மின்சுற்றுகளைப்பற்றி இணையவழி நடத்திய பாடத்திற்கு ஏறத்தாழ 1,55,000 பேர் பதிந்தனர். சான்றிதழ் பெற்றோர் 7,157 பேரே. அவ்வாண்டில் தோன்றிய ‘கணியம்’ மின்னிதழின் வாயிலாகக் கணினிப் பாடங்கள் நந்தமிழிலேயே கிடைத்தன. ஆதலின் நூற்குறை இன்று பெரிதன்று.

சிட்லபாக்கத்தில் என் இல்லத்திலிருந்து, நண்பர் சிலருடன், ‘பைதான்’ நிரல்மொழியை ஊதியமின்றி இணையவழி கற்பித்து வருகின்றேன். மூன்றாம் வாரத்தில் வருகை குன்றும். பாடக்கடுமையே காரணமென்பர் பலர். நின்றவர்களை வினவியபொழுதோ, “ஒருநாள் வேலையால் தவறினோம், மறுநாள் பின்தங்கியதற்கு நாணினோம்” என்றனர்.

ஆகவே, ஐவர் ஐவராகக் குழு அமைத்தோம். வாராதவரைக் குழுவினர் அன்றிரவே தொலைபேசியில் அழைப்பர். விடுபட்ட பாடம் சனிக்கிழமை மீண்டும் நடைபெறும். தாம்பரம் ஏற்றுமதி மண்டலத்தில் முறைவேலை செய்யும் நங்கை ஒருவர் இவ்வாறு மீண்டுவந்து, தாமே எழுதிய நிரலால் வீட்டின் பால் கணக்கைக் கூட்டிக் காட்டினார்.

கல்லூரித் தோழர்காள்! மாலையில் அரைமணி ஈயவல்லீராயின் வருக. பாடம் நடத்தவேண்டுவதில்லை, வாராதவர் ஐவரை அழைத்து நலம் வினவுதல் போதும்.