கோட் துணி

பெண்களோடு வேலை செய்யும் நான் ஆண்களின் கோட்டைப் பற்றி எழுதுவது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். உக்குவளையில் ஓர் அக்காவின் மகனுக்குத் தம்புள்ளையில் ஹோட்டல் வேலை கிடைத்தது. தினமும் கோட், காற்சட்டை கட்டாயம். தம்புள்ளை வெயில் தெரியும்தானே!

2009இல் காணாமற்போன கணவரின் கலியாணக் கோட்டை அக்கா தாய்வீட்டில் பத்திரமாக வைத்திருந்தார். அதையே சிறுப்பித்துக் கொடுக்கலாம் என்றார். தடித்த துணி, முழுக்க உள்துணி வைத்தது. அந்த வெக்கையில் பிள்ளை அவிந்துபோவான் என்றேன். அக்கா ஒன்றும் பேசவில்லை.

மாத்தளைக் கடையில் முதலில் காட்டியது பளபளக்கும் தனிப் பொலியெஸ்டர். மலிவு, கசங்காது; ஆனால் வியர்வையை உறிஞ்சாது. நாங்கள் எடுத்தது பொலியெஸ்டரும் விஸ்கோசும் கலந்த மெல்லிய சாம்பல் துணி. கைக்குள் கசக்கிப் பிடித்து விட்டால் சுருக்கம் தானாக விரியவேண்டும். வெளிச்சத்திலும் பிடித்துப் பாருங்கள். நெசவு நெருக்கமாக இருந்தால் கனநாள் உழைக்கும். முதலில் தேய்வது காற்சட்டைதான், அதுவும் தொடைப்பக்கம். ஆகவே ஒரு கோட்டுக்கு இரண்டு காற்சட்டை, ஒரே தானில் வெட்டவேண்டும். பிறகு போனால் நிறம் ஒத்துவராது. காசு போதவில்லை, அக்கா சீட்டுக்காசை எடுத்தார்.

உள்துணி தோளுக்கும் கைக்கும் மட்டும் போதும் என்று தையற்காரரிடம் சொன்னோம். மகன் பயிற்சிக்குப் போய்விட்டான். அளவுக்கு அக்கா பையிலிருந்து பழைய கோட்டை எடுத்து மேசையில் விரித்தார்.

"தோள் இதே அளவுதான். கை மட்டும் ஓர் அங்குலம் கூட வையுங்கள்."