இதயத்தின் மின்கோடு

ஈ.சீ.ஜி. எனப்படும் பொறி நோயாளியின் உடலுக்குள் மின்னைச் செலுத்துவதில்லை. இதயத்திலே தோன்றித் தோல்வரை வந்து சேரும் மிகச் சிறிய மின்னை வாங்கிக்கொள்வதே அதன் தொழில். இதனை முதலிற் சொல்லிவிடுதல் நலம். எங்கள் ஊர்களில் முதியோர் பலர், "கறண்ட் வைக்கப் போகிறார்கள்" என்ற அச்சத்தோடுதான் அந்தக் கட்டிலில் ஏறிப் படுக்கின்றனர். அஞ்சியவரின் தசைகள் இறுகும். இறுகிய தசையும் மின்னை உண்டாக்கும். அந்த மின்னும் கோட்டிலே நடுக்கமாக வந்து விழும். ஆகவே, நோயாளியோடு நாலு வார்த்தை அன்பாகப் பேசுதலும் பதிவாளரின் வேலையிற் சேர்ந்ததே.

எம்மிடம் பௌதிகம் பயின்ற மாணாக்கர் ஒருவர் இத்தொழிற் பயிற்சிக்குத் தெரிவானார். சென்ற விடுமுறையிலே கொப்பியும் கையுமாக எம்மிடம் வந்து, "சேர், பி, கியூ, ஆர், எஸ், ரி எல்லாம் பாடமாக்கிப்போட்டன். ஆனா கோடு ஏன் ஓரிடத்தில மேல போகுது, வேறிடத்தில கீழ போகுது எண்டு விளங்கேல்லை" என்றார். வினா எமக்கு மிகவும் பிடித்துக்கொண்டது. பாடமாக்கியதோடு நின்றுவிடுவோரே பலர்.

மின்னழுத்தத்தை ஓரிடத்தில் மட்டும் வைத்து அளத்தல் இயலாது; ஈரிடங்களுக்கு இடையேயுள்ள வித்தியாசத்தையே அளக்கலாம். வலக்கைக்கும் இடக்கைக்கும் உள்ள வித்தியாசம் முதலாந் தடம். வலக்கைக்கும் இடக்காலுக்கும் உள்ளது இரண்டாந் தடம். இடக்கைக்கும் இடக்காலுக்கும் உள்ளது மூன்றாந் தடம். இதயத் தசையிலே பரவும் மின்னலை நேர்முனையை நோக்கி வந்தாற் கோடு எழும். விலகிச் சென்றால் இறங்கும். கோயில் வீதியிலே ஒரே தேர்தான் ஓடுகின்றது. ஒரு மூலையில் நிற்பவர் "வருகிறது" என்பார். மறு மூலையில் நிற்பவர் "போகிறது" என்பார். இருவர் சொல்வதும் மெய்யே. பத்து மின்வாய்களை ஒட்டிப் பன்னிரண்டு தடங்களைப் பெறுவது, அந்த ஒரு தேரைப் பன்னிரண்டு இடங்களில் நின்று பார்ப்பது போன்றதாகும்.

இம்மூன்று தடங்களையும் வகுத்தவர் ஐந்தோவன் என்னும் ஒல்லாந்தர். 1860ஆம் ஆண்டிலே யாவாத் தீவின் செமராங் நகரிற் பிறந்து, லைடன் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராக விளங்கியவர். அவருடைய கல்வனோமானி ஏறத்தாழ 270 கிலோகிராம் நிறையுடையது. அதனை இயக்க ஐவர் வேண்டியிருந்தது. நோயாளி தம் இரு கைகளையும் ஒரு காலையும் உப்புநீர்ப் பாத்திரங்களில் அமிழ்த்தியபடி அமர்ந்திருப்பார். 1924இல் அவருக்கு நோபெற் பரிசு கிடைத்தது. இன்று அதே வேலையைச் செய்யும் பொறியை ஒருவர் கையிலே தூக்கிச் செல்லலாம். ஆனால் எந்த வயரை எங்கே பூட்டுவது என்பது இன்றைக்கும் மனிதர் கையிலேயே இருக்கின்றது.

எமது பெரியம்மாவுக்கு நேர்ந்ததை இங்கே கூறவேண்டும். ஒரு வைத்தியசாலையிலே அவருடைய இரு கை வயர்களும் இடம் மாறிவிட்டன. முதலாந் தடம் முழுவதும் தலைகீழாக வந்தது. நோயாளர் கூட்டத்தின் நடுவே அதனைப் பார்த்த வைத்தியர், இதயத்தில் ஏதோ பழைய பாதிப்பு இருக்கலாமென்று வேறிடத்துக்கு அனுப்பினார். அந்தத் தவணை வரும்வரை பதினொரு நாள். கிணற்றில் நீர் அள்ளுவதை அவர் விட்டார். முற்றம் கூட்டுவதை விட்டார். காணி உறுதியை எடுத்து மகள் கையிற் கொடுத்தும் விட்டார். இரண்டாவது இடத்திலே பதிவாளராக இருந்த பெண் பிள்ளை பழைய தாளை ஒருதரம் உற்றுப் பார்த்தாள். முதலாந் தடத்திலே பி அலைகூடக் கவிழ்ந்திருக்க, மார்புத் தடங்கள் ஆறும் ஒழுங்காக இருந்தன. இதயம் வலப்புறம் அமைந்தவராயின் மார்புத் தடங்களும் மாறியிருக்கும். "அம்மா, உங்களுக்கு ஒண்டுமில்லை, வயர்தான் மாறிப்போச்சு" என்று சொல்லி, சிவப்பை வலக்கையிலும் மஞ்சளை இடக்கையிலும் பூட்டி எடுத்தாள். கோடு நிமிர்ந்தது.

மார்புத் தடங்கள் மாறாதது ஏன்? அவற்றுக்கு மறுமுனையாகப் பொறி கொள்வது இரு கைகள், இடக்கால் ஆகிய மூன்றின் சராசரியை. கைகளை இடம் மாற்றினாலும் சராசரி மாறாது. முதலாந் தடத்தோடு மூன்றாந் தடத்தைக் கூட்டினால் இரண்டாந் தடம் வரும் என்ற ஐந்தோவனின் விதியும் இப்பிழையைக் காட்டித் தராது. வயர் மாறியபோதும் கணக்குச் சரியாகவே வரும்!

தாளின் கணக்கு எளிது. அது செக்கனுக்கு 25 மில்லிமீற்றர் ஓடும். சிறு கட்டம் 0.04 செக்கன், பெரிய கட்டம் 0.2 செக்கன். இரு துடிப்புக்களுக்கு இடையேயுள்ள பெரிய கட்டங்களால் 300ஐ வகுத்தால் நிமிடத்துக்குரிய துடிப்பு வரும். ஒரு மில்லிவோல்ற்றுக்குக் கோடு 10 மில்லிமீற்றர் எழும். வேகத்தை 50இல் விட்டுவிட்டு 25 என்று எண்ணி வாசித்தால், 80 தரம் துடிக்கும் இதயம் 40 ஆகத் தோன்றும். பெரிய கட்டத்துக்குப் பத்துப் பற்களாக நுண்ணிய அலை ஓடினால் அது சுவரிலுள்ள மின்கம்பியின் வேலை. எங்கள் நாட்டு மின் செக்கனுக்கு 50 தரம் அலைவது.

மார்பிலே இடங் குறிப்பதற்கு விலா எலும்புகளை விரலால் எண்ணவேண்டும். மார்பெலும்பின் மேற்பகுதியிலுள்ள மேட்டுக்கு நேரே இருப்பது இரண்டாம் விலா. அங்கிருந்து இறங்கி, நாலாம் விலாவிடையில் எலும்பின் இருபுறமும் முதலிரு மின்வாய்களை ஒட்டவேண்டும். பெண்களின் கூச்சத்தை எண்ணி மேலே ஒட்டிவிடுவோர் உளர். துணியால் மூடிக் கூச்சத்தைக் காக்கலாமேயன்றி மின்வாயை இடம் பெயர்த்தல் ஆகாது. பெயர்ந்தால் இல்லாத நோய் தோன்றவுங் கூடும். உள்ள நோய் மறையவுங் கூடும்.

இன்னொன்று. நெஞ்சுநோவோடு வந்தவரின் முதற் பதிவு குறையேதுமின்றி இருக்கலாம். சிறிது நேரங் கழித்து எடுக்கும் பதிவிலேதான் மாரடைப்பின் குறி தோன்றலாம். வைத்தியர் இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிடுவார். ஆதலின் பெயரோடு நாளையும் மணியையும், எடுத்தபோது நோவு இருந்ததா என்பதையும், அந்தக் கட்டிலருகே நின்றபடியே தாளில் எழுதிவிட வேண்டும்.