சியோனான் அரும்பொருளகத்துக்கு ஒரு நடை

நகோயாவிலுள்ள டோகுகாவா கலை அரும்பொருளகத்தின் கண்காட்சி அட்டவணையை அவ்வப்போது எடுத்துப் பார்ப்பேன். கெஞ்சி கதையை வரைந்த பன்னிரண்டாம் நூற்றாண்டு ஓவியச் சுருளில் எஞ்சியதன் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. எப்போதும் காட்சிக்கு வைத்திருக்கமாட்டார்கள். தேதி பார்த்துத்தான் பயணச்சீட்டு எடுக்க வேண்டும். 1935-இல் திறந்த அந்த அரும்பொருளகத்தை நிறுவியவர் மார்க்விஸ் யோஷிச்சிகா டோகுகாவா. ஜப்பானியர் ஆண்ட சிங்கப்பூரிலும் அவர் ஓர் அரும்பொருளகத்துக்குத் தலைவராக இருந்திருக்கிறார். சிங்கப்பூரின் தேக்காவில் தங்கியிருந்தபோது, அந்தக் கட்டடத்தை நடந்தே போய்ப் பார்க்கலாமே என்று தோன்றியது.

முதலில் கேம்பல் லேன். 2015-இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையம் அங்கே இருக்கிறது. படிக்கிணற்றை மனத்தில் வைத்து வடிவமைத்த முகப்பு பகல் வெயிலில் சுமார்தான். இருட்டி விளக்குப் போட்டதும் எடுப்பாகிவிடுகிறது. உள்ளே செட்டிநாட்டு நிலைக்கதவு ஒன்று. அதில் நெருக்கியடித்து நிற்கும் சிறு உருவங்களைப் பார்க்கவே அரை நாள் வேண்டும். பிறகு இந்திய தேசிய ராணுவத்தின் நினைவுப் பொருள்கள். அதன் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த பெண்களில் பலர் மலாயாத் தோட்டங்களிலிருந்து வந்த தமிழர்கள்.

சிராங்கூன் சாலை, ரோச்சோர் கால்வாயைத் தாண்டியதும் சிலிகி சாலை ஆகிவிடுகிறது. அதன் கோடியில் கேத்தே. 1943 அக்டோபர் 21 அன்று சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை நேதாஜி அறிவித்தது இங்கேதான். முகப்பை மட்டும் விட்டுவைத்து, பின்னால் எல்லாவற்றையும் புதிதாகக் கட்டிவிட்டார்கள்.

அங்கிருந்து சில நிமிடத்தில் ஸ்டாம்ஃபர்ட் சாலை, தேசிய அரும்பொருளகம். 1887-இல் எழுந்த இந்தக் குவிமாடக் கட்டடம் அன்று ராஃபிள்ஸ் அரும்பொருளகம். 1942-இல், சிங்கப்பூருக்கு ஜப்பானியர் இட்ட பெயரில், சியோனான் அரும்பொருளகம். தனகாதாதே என்ற பேராசிரியர் முதலில் பொறுப்பேற்றார், பிறகு மார்க்விஸ் வந்தார். கார்னர் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் சிறைமுகாமுக்குப் போகாமல் இவர்களோடு வேலை செய்தார். சேகரிப்பும் நூல்களும் சூறையாடப்படாமல் தப்பின. பீடத்திலிருந்து இறக்கப்பட்ட ராஃபிள்ஸ் சிலைகூட இங்கேதான் பத்திரமாக இருந்தது. சொந்த நாட்டவர் சிலர் கார்னரைத் துரோகி என்றார்கள். அவரோ 1981-இல் மார்க்விஸைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார்.

பகைவர்கள் சேர்ந்து பண்பாட்டைக் காத்த கதை என்று இதைச் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள். எனக்கு அந்த மகிழ்ச்சி முழுதாக வரவில்லை. அரும்பொருளகத்தின் பாடம் செய்த பறவைகளுக்குக் காவல் போட்ட அதே ஆட்சிதான், மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை சயாம் ரயில்பாதைக்கு அள்ளிக்கொண்டு போனது. 415 கிலோமீட்டர், காலராவிலும் பட்டினியிலும் பல்லாயிரம் பேர் செத்தார்கள். வெள்ளைக்காரக் கைதிகளுக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள். நம் ஆட்களில் பெரும்பாலோருக்குப் பெயர்ப்பட்டியல்கூட இல்லை.

2019 இறுதியில் தென்கிழக்காசியத் தமிழர்களைப் பற்றி கேம்பல் லேனில் ஒரு பெரிய சிறப்புக் கண்காட்சி வைத்தார்கள். இனி வரப்போகிறவற்றில் ஒன்று இந்த ரயில்பாதைக்காக இருக்க வேண்டும். தப்பித் திரும்பியவர்களின் பிள்ளைகளே இப்போது முதியவர்கள்.

மறுநாள் லிட்டில் இந்தியா நிலையத்தில் நீல வழித்தட ரயிலேறி ஹில்வியூவில் இறங்கினேன். 1942 பிப்ரவரி 15 அன்று பிரிட்டிஷ் படை சரணடைந்த பழைய ஃபோர்டு தொழிற்சாலை அந்தப் பக்கம்தான். 2017-இல் அங்குள்ள காட்சிக்கூடத்துக்கு ‘சியோனான்’ என்றே பெயர் வைத்தார்கள். மக்கள் கொதித்தார்கள், அமைச்சர் மன்னிப்புக் கேட்டார், திறந்த சில நாளிலேயே பெயர்ப்பலகை மாறியது.